'தெச்சு' பிழையா? ஒரு தையல் சொல்லும் அதன் உறவுகளும்

ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் 'என் வீட்டில் ஒரு நாள்' என்ற தலைப்பில் பத்தி எழுதச் சொல்லியிருந்தேன். ஏற்காட்டில் அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். கிளியூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா கோணி ஊசியில மூட்டைய தெச்சு வெச்சிட்டு, என் கிழிஞ்ச சட்டையும் தெச்சுக் குடுத்தாங்க."

சிவப்பு மையால் ஐந்து வட்டங்கள் போட்டேன். தெச்சு, வெச்சிட்டு, கிழிஞ்ச, மறுபடியும் தெச்சு, குடுத்தாங்க. ஓரத்தில் 'பேச்சு வழக்கில் எழுதாதே' என்றும் எழுதினேன். இருபது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைதான். ஆனால் அடுத்த இரண்டு வாரங்கள் அவள் கட்டுரை ஏட்டில் தலைப்பை மட்டும் எழுதி, கீழே வெற்றிடமாக விட்டுத் தந்தாள். கேட்டால் "தெரியல சார்" என்றாள்.

பிறகு ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தில் தையல் கடை பற்றிய பகுதி வந்தது. எஸ், ஈ, டபிள்யூ என்ற மூன்றெழுத்துச் சொல்லை ஒரு மாணவன் 'சியூ' என்று படித்தான். 'சோ' என்று திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அப்போது அந்த மாணவி, இரண்டு வாரத்திற்குப் பிறகு, கையை உயர்த்தினாள்.

"சார், 'நியூ', 'ஃபியூ' எல்லாம் இதே மாதிரிதானே எழுதுறோம். இது மட்டும் ஏன் 'சோ'? எழுதுறது ஒண்ணு, பேசுறது ஒண்ணா இருக்கே. இத யாரும் வட்டம் போடலயா?"

என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். சேலத்திற்கு இறங்கும் பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவள் கேள்விதான் உடன் வந்தது. நாளை என்றது சில வாரங்கள் ஆயிற்று. அந்த வாரங்களில் நான் தேடிப் படித்ததையும், அது என் திருத்தும் முறையை எப்படி மாற்றியது என்பதையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வடக்கே பிறந்த ஒரு தையல் சொல்

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ் ஆகியவை ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாய்மொழியை ஜெர்மானிய மூலமொழி என்பர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் வடபகுதியில் பேசப்பட்ட அந்த மொழியில் எழுதப்பட்ட நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டே அதன் சொற்களை மீட்டெடுக்கிறார்கள். அப்படி மீட்டெடுத்த சொற்களில் 'தைத்தல்' என்ற பொருள் தரும் ஒரு வினையும் உண்டு. அதன் வேர் 'ஸிவ்'.

இந்தச் சொல்லை எழுத்தில் முதலில் காண்பது கோதிக் மொழியில். 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோதிக் மொழியில் பெயர்த்தார். பழைய ஆடையின் மேல் புதுத் துணியை யாரும் ஒட்டுப்போடுவதில்லை என்று மாற்கு நற்செய்தியில் ஓர் உவமை வருகிறது. அந்த இடத்தில் 'தைத்தல்' என்பதற்கு அவர் இந்தச் சொல்லைத்தான் கையாண்டார். 6ஆம் நூற்றாண்டில் ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்ட அம்மொழிபெயர்ப்பின் படி ஒன்று இன்றும் சுவீடனின் உப்சாலா நகரில் உள்ளது. கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடும் ஓர் ஏழை வீட்டுக் காரியத்தைச் சொல்லும் சொல், வெள்ளி மையில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னபோது எங்கள் வகுப்பில் பெரிய வியப்பு.

அந்த வேரின் பிள்ளைகள் எங்கெல்லாம் போயின? டேனிஷ், சுவீடிஷ், நார்வீஜியன் மொழிகளில் அது தேய்ந்து தேய்ந்து 'ஸ்யூ' போல ஒலிக்கும் ஓரசைச் சொல்லாக நிற்கிறது. ஜெர்மனிலும் டச்சிலும் அந்த வினை வழக்கொழிந்துவிட்டது. 'தைத்தல்' என்பதற்கு அங்கே இன்று வேறு சொல். ஆனால் அதே வேரில் பிறந்த பெயர்ச்சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஜெர்மனில் 'ஸௌம்' என்றால் துணியின் மடித்துத் தைத்த ஓரம். வினை மறைந்தும் அதன் பிள்ளை வாழ்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் உண்டு. தைத்தலைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்துச் சொல் ஒன்று, இரண்டு துணிகள் சேரும் தையல் கோட்டைக் குறிக்கும் 'ஸீம்' மற்றொன்று. கிரிக்கெட் பந்தில் 'ஸீம்' என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். பந்தின் தோலை இணைக்கும் தையல் அது. மட்டை பிடிக்கும் மாணவர்களுக்கு இது ஒன்றே போதும், சொல் மறக்காது.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இந்த வினை 'ஸிவியன்', 'ஸெயோவியன்' என்று இரு வடிவங்களில் வழங்கியது. இரண்டாவது வடிவத்தின் வழியே 'ஓ' ஒலி நிலைத்தது. எழுத்தோ 'ஈ, டபிள்யூ' என்றே தங்கிவிட்டது. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. வாய் உறையவில்லை, தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது. 'காட்டு' என்று பொருள்படும் 'ஷோ' என்ற சொல்லையும் முன்பு இதேபோல 'ஈ, டபிள்யூ' இட்டு எழுதுவது உண்டு. பின்னாளில் அதன் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள், இதை மாற்றவில்லை. ஆக, ஆங்கிலத்திலும் வீட்டுப் பேச்சு ஒன்று, ஏட்டு எழுத்து ஒன்று. நமக்கு மட்டும் உள்ள குறை அன்று அது.

ஏற்காடு வரை வந்த உறவினர்கள்

ஜெர்மானிய மூலமொழிக்கும் ஒரு தாய் உண்டு. லத்தீன், கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம், ரஷ்யன் எல்லாம் அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. இதை இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்கிறோம். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரை இந்த ஆய்வுக்குப் பெரிய தூண்டுதலாயிற்று.

நம் தையல் சொல் அந்தக் குடும்பம் முழுவதும் பரவியிருக்கிறது. லத்தீனில் 'ஸுவெரே' என்றால் தைத்தல். அதிலிருந்து 'ஸுதூரா' வந்தது. அறுவை மருத்துவர் போடும் தையலை ஆங்கிலத்தில் 'சூச்சர்' என்பது அதன் வழிதான். நம் மண்டையோட்டு எலும்புகள் பல்வரிசைபோல ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இணைப்புக்கும் அறிவியலில் அதே பெயர். உயர்விலை ஆடை வடிவமைப்பைக் குறிக்கும் 'கூத்யூர்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் இந்த லத்தீன் வினையின் பேத்தி. ரஷ்ய மொழியில் 'ஷித்', லித்துவேனியத்தில் 'ஸியூதி', சமஸ்கிருதத்தில் 'ஸீவ்யதி', இந்தியில் 'ஸீனா'. இந்திப் படங்களில் கேட்கும் 'ஸிலாயீ மெஷின்' என்ற தொடரில் இருப்பதும் இந்த வேரே.

இதிலிருந்து தமிழுக்கு வந்த விருந்தாளிகளும் உண்டு. முதலாவது, கணக்கு ஆசிரியர்கள் தினமும் சொல்லும் 'சூத்திரம்'. சமஸ்கிருதத்தில் 'ஸூத்ர' என்றால் முதற்பொருள் நூல், கயிறு. அதைத் தைத்தல் வேரோடு சேர்த்துப் பார்ப்பதே மொழியியலில் பெருவழக்கு. மணிகளைக் கோக்கும் நூல்போலப் பல கருத்துகளைச் சுருக்கமாகக் கோக்கும் வாக்கியம் என்பதால் அது இலக்கண விதிக்குப் பெயராயிற்று. கணித விதிக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது. தமிழும் இதேபோல யோசித்திருக்கிறது. நமக்கு இழையும் 'நூல்', புத்தகமும் 'நூல்'. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து இந்தப் பெயருக்கு விளக்கம் தருகிறார். வட்டத்தின் பரப்பு காணும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும்போது நாமும் ஒரு நூலைத்தான் நீட்டுகிறோம்.

இரண்டாவது, 'ஊசி'. சமஸ்கிருதத்தில் 'ஸூசீ'. கன்னடத்தில் 'சூஜி', தெலுங்கில் 'சூதி', மலையாளத்தில் 'சூசி'. தமிழில் மட்டும் தொடக்கத்தில் சகரம் இல்லை. பழங்காலத்தில் வந்த சொற்களில் முதல் சகரம் மறைவது தமிழுக்குப் பழக்கம். சமணரை 'அமணர்' என்றும் சொல்வதை நாம் அறிவோம். 'சிறகு', 'இறகு' என்ற இணையையும் நினைத்துக்கொள்ளலாம். 'ஊசி' இப்படி வந்த சொல் என்பது மொழியியலார் பலரின் கருத்து. தமிழ் வேர்ச்சொல்லே என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் அது நேற்று வந்த சொல் அன்று. புறநானூற்றின் 82ஆம் பாடலில், கட்டில் பின்னுபவர் கையில் விரைந்து ஓடும் ஊசி, போரின் விரைவுக்கு உவமையாக நிற்கிறது. அந்தச் சொல்லை இன்று கோணி ஊசி, கொண்டை ஊசி, தடுப்பூசி என்று எத்தனை இடங்களில் ஆள்கிறோம்!

நம் வீட்டுச் சொல் 'தை'

ஊசியும் சூத்திரமும் எங்கிருந்து வந்தாலும், தைக்கும் வினைக்குத் தமிழ் யாரிடமும் போய் நிற்கவில்லை. 'தை' திராவிடச் சொல். தமிழும் அதன் உறவு மொழிகளும் சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இல் முதலில் வெளியாகி 1984இல் திருத்தம் பெற்றது. ஜெர்மானியச் சொல்லுக்கு ஐரோப்பியர் செய்ததை நம் சொற்களுக்குச் செய்துவைத்த நூல் அது.

'தை' என்பதற்குத் துணி தைப்பது மட்டும் பொருள் இல்லை. காலில் முள் தைக்கிறது. மார்பில் அம்பு தைக்கிறது. ஒருவர் சொன்ன சொல் மனத்தில் தைக்கிறது. துளைத்து உட்செல்வதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஊசி துணியைத் துளைத்துப் போவதால் அதுவும் தைத்தல். தெலுங்கிலும் இதே போக்கு. அங்கே 'குட்டு' என்றால் துணி தைப்பது, தேள் கொட்டுவது, காது குத்துவது எல்லாம்தான்.

தமிழில் தையலுக்கு வேறு சொற்களும் இருந்தன, இருக்கின்றன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரத் தொழிலாளர் வரிசையில் 'துன்னகாரர்' வருகிறார்கள். அவர்கள் அக்காலத் தையற்காரர்கள். 'துன்னம்' என்றால் தையல். துண்டு துணிகளை இணைத்துத் தைப்பதற்குப் 'பொல்லம் பொத்துதல்' என்றொரு பழந்தொடர் உண்டு. இந்தப் 'பொல்லம்' நம்மிடம் மறைந்துவிட்டது. ஆனால் கன்னடத்தில் தைத்தலுக்கு இன்றும் 'ஹொலி' என்கிறார்கள். பழங்கன்னடத்தில் அது 'பொலி'. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது ஒழுங்கான மாற்றம். பால், ஹாலு. புலி, ஹுலி. பள்ளி, ஹள்ளி. கன்னடர் 'ஹொஸ ஊரு', அதாவது புதிய ஊர், என்று சொன்னதே நம் ஓசூர். கைலியின் இரு முனைகளைச் சேர்த்துத் தைப்பதை 'மூட்டுதல்' என்பது இன்றும் வழக்கில் உள்ளது.

இந்தச் சொற்களை வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். ஒருவன் 'கைலி மூட்டறது' என்று கொண்டுவந்தான். ஒருத்தி தன் பாட்டி ஈர்க்குச்சியால் இலை தைத்துச் சோறு போட்ட கதையைக் கொண்டுவந்தாள். மாணவர்கள் அணிந்திருக்கும் சீருடை பற்றியும் பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடைகள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களால் தைக்கப்படுகின்றன என்பதைச் சொன்னேன். எல்லாரும் தம் சட்டை ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தார்கள்.

காதை மட்டும் நம்பலாமா?

இவ்வளவு கேட்டதும் மாணவர்கள் தாங்களே உறவு கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். "சார், தையல்லருந்துதான் டெய்லர் வந்துச்சா?" கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'டெய்லர்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர், 'வெட்டு' என்று பொருள் தரும் பிற்கால லத்தீன் வினை. ஆங்கிலேயர் துணி வெட்டுவதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் தைப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தோம். இரண்டுக்கும் உறவில்லை.

இப்படிப் பல ஏமாற்றங்கள் உண்டு. 'பொத்தான்' நம் 'பொத்து' என்பதிலிருந்து வந்ததுபோல் தோன்றும். அது போர்த்துக்கீசியச் சொல். தை மாதத்துக்கும் தையலுக்கும் தொடர்பில்லை. மாதப் பெயர், பூச நட்சத்திரத்தின் மற்றொரு பெயரான 'திஷ்ய' என்பதன் வழி வந்தது. ஆங்கிலத்தில் 'தை', 'விதை' என்ற இரு வினைகளும் 'சோ' என்றே ஒலிக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வேர்கள்.

இதற்கு எங்கள் மாணவர்களே ஓர் எடுத்துக்காட்டு. அவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சேர்வராயன் மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் "கேரளாவா? வீட்டில் மலையாளம் பேசுவீர்களா?" என்பார்கள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலைக்கு வந்ததாகச் சொல்வது அவர்கள் மரபு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பெயரின் பொருள். "எங்களையே காதால கேட்டு தப்பா நெனைக்கிறாங்க இல்ல சார்" என்றான் ஒருவன். சொல்லுக்கும் அதே கதிதான் என்றேன்.

அப்படியானால் உறவை எப்படி உறுதி செய்வது? ஒரு சொல் ஒலிப்பதுபோல் மற்றொன்று ஒலித்தால் போதாது. மாற்றம் ஒழுங்காக இருக்க வேண்டும். 'பால், ஹாலு' என்று ஒரு சொல்லில் நடந்தது, அதே சூழலில் மற்றச் சொற்களிலும் நடக்க வேண்டும். அவ்வாறு நடந்தால் அது விதி. இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் என் சிவப்பு வட்டங்கள் நினைவுக்கு வந்தன.

ஐந்து வட்டங்களுக்குள் ஒரு விதி

மறுநாள் பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'ஏட்டில்', மறுபக்கம் 'வீட்டில்'. மாணவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

தைத்து, தெச்சு. வைத்து, வெச்சு. படித்து, படிச்சு. அடித்து, அடிச்சு. சிரித்து, சிரிச்சு. உடைத்து, ஒடச்சு. மேய்த்து, மேச்சு.

பிறகு ஒருத்தி 'எடுத்து' என்றாள். வீட்டில்? 'எடுத்து' தான். கொடுத்து, 'குடுத்து'. படுத்து, 'படுத்து'. பார்த்து, 'பாத்து'. இவற்றில் ஏன் 'ச்சு' வரவில்லை? 'எடுச்சு' என்று யாராவது சொல்வீர்களா என்றேன். வகுப்பே சிரித்தது. "ஏன் சொல்ல மாட்டீர்கள்?" என்றேன். சிரிப்பு நின்றது.

கால் மணி நேரம் கழித்து விடை வந்தது. விடை சொன்னவள் தலைப்பை மட்டும் எழுதித் தந்த அந்த மாணவிதான். "முன்னாடி 'இ' இல்லன்னா 'ஐ' வந்தா 'ச்சு' ஆகுது சார். 'உ' வந்தா ஆகல." மேய்த்து என்பதைக் காட்டினேன். "'ய்' வந்தாலும்" என்று சேர்த்தாள்.

அதுதான் விதி. இகரம், ஐகாரம், யகர மெய் ஆகியவற்றை ஒலிக்கும்போது நாக்கின் நடுப்பகுதி மேல் அண்ணத்தை நோக்கி எழுகிறது. அடுத்து வரும் தகரம் பல்லருகே பிறக்க வேண்டியது. முன் ஒலியின் இழுப்பால் அண்ணத்துப் பக்கம் நகர்ந்து சகரமாகிவிடுகிறது. நகரமும் அப்படித்தான். கிழிந்த, கிழிஞ்ச. முடிந்து, முடிஞ்சு. ஐந்து, அஞ்சு. ஆனால் வந்து, இருந்து என்பவை மாறுவதில்லை. மைத்துனர் 'மச்சினர்' ஆனதும் இதே வழியில்தான்.

இலக்கண ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஐகாரத்துக்கும் யகர மெய்க்கும் பின் சில இடங்களில் நகரத்துக்குப் பதில் ஞகரம் வரும் என்று கூறுவாரும் உளர் என நன்னூல் எழுத்ததிகாரத்தில் பவணந்தியார் பதிவுசெய்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே காதில் விழுந்த மாற்றம் அது.

இன்னொரு செய்தி வகுப்பை நிமிரச் செய்தது. மலையாள மொழியில் இந்த 'ச்சு' வடிவங்களே ஏட்டு வடிவங்கள். 'தய்ச்சு', 'வச்சு', 'அடிச்சு' என்றுதான் கேரளத்தில் பாடநூல்களில் அச்சிடுகிறார்கள். 'எடுத்து', 'கொடுத்து' என்பவை அங்கும் மாறுவதில்லை. அதே விதி, அதே எல்லை. நம் ஏட்டில் சிவப்பு வட்டம் பெறும் வடிவம், வாளையாற்றைத் தாண்டினால் முழு மதிப்பெண் பெறும்.

இப்போது அந்த மாணவியின் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். தெச்சு, வெச்சிட்டு, கிழிஞ்ச, தெச்சு, குடுத்தாங்க. முதல் நான்கிலும் 'இ' அல்லது 'ஐ' முன்னே வருகிறது. மாற்றியிருக்கிறாள். ஐந்தாவதில் 'உ' வருகிறது. தகரத்தை மாற்றவில்லை. யாரும் கற்றுத்தராத ஒரு விதியை ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடித்திருக்கிறாள். நான் அதைக் கவனக்குறைவு என்று எண்ணி வட்டம் போட்டேன்.

இப்போது நான் செய்வது

ஏட்டுத் தமிழைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து அன்று. தேர்வுத்தாளில் 'தைத்து' என்றுதான் எழுத வேண்டும். சென்னையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒன்றாகப் படிக்க ஒரு பொது வடிவம் தேவை. மலைக் குழந்தைக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவை. மாறியது நான் திருத்தும் முறைதான்.

முதலாவதாக, எழுத்துப் பிழையையும் பேச்சு வடிவத்தையும் பிரித்துப் பார்க்கிறேன். 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதினால் பிழை. 'தெச்சு' என்றால் அது வீட்டு வடிவம். பிழைக்கு வட்டம். வீட்டு வடிவத்துக்குப் பென்சிலால் ஓர் அடிக்கோடு மட்டும். ஏட்டு வடிவத்தை மாணவரே பக்கத்தில் எழுத வேண்டும். விதி தெரிந்துவிட்டதால் ஒரு சொல்லைத் திருத்தினால் அதே இனத்துச் சொற்கள் எல்லாவற்றையும் அவர்களே திருத்திக்கொள்கிறார்கள். எனக்கும் வேலை குறைவு.

இரண்டாவதாக, மாதம் ஒரு சொல்லை எடுத்து அதன் உறவுகளைத் தேடுகிறோம். பெரிய நூலகம் தேவையில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் திராவிட வேர்ச்சொல் அகராதியும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வகுப்பில் ஒரு நூலைக் குறுக்கே கட்டி, சொல் அட்டைகளைத் தொங்கவிடுகிறோம். உறுதியான உறவுக்கு வெள்ளை அட்டை, ஐயமுள்ளதற்கு மஞ்சள், ஒலி ஒற்றுமை மட்டும் உள்ளதற்குச் சிவப்பு. டெய்லர் சிவப்பில் தொங்குகிறார். ஊசி மஞ்சளில் இருக்கிறது.

மூன்றாவதாக, தொடக்கநிலை வகுப்புகளுக்கு வேர் ஆய்வு தேவையில்லை. 'வீட்டில், ஏட்டில்' என்ற இரு கட்டங்கள் போதும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட இதை விளையாட்டாகச் செய்கிறது. கற்பிக்கும் ஆசிரியர் எந்த வடிவத்தையும் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

உங்கள் பகுதியில் வேறு சொற்கள் இருக்கும். கடற்கரைப் பள்ளிகளில் வலை முடையும் சொற்கள், நெசவு ஊர்களில் பாவு ஓட்டும் சொற்கள், செங்கல் சூளைக் குழந்தைகளிடம் வேறு. அவற்றைத் திருத்துவதற்கு முன் ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். அங்கும் ஒரு விதி தென்படலாம்.

அந்த மாணவி சென்ற வாரம் கட்டுரை ஏட்டைத் தந்தாள். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். தாத்தா காட்டில் தேன் எடுத்த கதை. நான்கு இடங்களில் தானே பென்சிலால் அடிக்கோடிட்டு, பக்கத்தில் ஏட்டு வடிவத்தை எழுதியிருந்தாள். ஐந்தாவது ஓர் இடத்தில் தவறவிட்டிருந்தாள். அதற்கு நான் கோடு போட்டேன். மறுநாள் அவளே திருத்திக் கொண்டுவந்தாள்.